பெரியவரே வேண்டாங்கறார்

ஜூலை 1, திங்கள்

வேலையில் சேர்ந்துவிட்டேன். அப்படித்தான் நினைக்கிறேன், அடையாள அட்டை இன்னும் வரவில்லை.

கிண்டியில் அந்தக் கட்டடத்தின் வரவேற்பறையில் இருந்த பெண் என்னை மேலே விட மறுத்தாள். "பேரன்ட்ஸ் எல்லாம் கீழயே வெயிட் பண்ணணும் அங்கிள். அஞ்சரைக்கு வந்து உங்க பொண்ணைக் கூட்டிட்டுப் போங்க" என்றாள். எனக்குப் பெண் இல்லை என்றேன். "சரி, பையனை" என்றாள். மேற்கொண்டு வாதிடத் தோன்றாமல் சோபாவில் உட்கார்ந்தேன். பக்கத்தில், உண்மையாகவே மகளைக் கொண்டுவந்து விட்ட ஒருவர் இருந்தார். திருவள்ளூரில் உரக்கடை வைத்திருக்கிறாராம். "உங்க பையன் எந்தக் காலேஜு?" என்று கேட்டார். என்ன சொல்வதென்று தெரியாமல் நான் படித்த கல்லூரியின் பெயரைச் சொன்னேன். "நல்ல காலேஜாச்சே" என்றார். மனிதவளத் துறையிலிருந்து ஓர் ஆள் இறங்கி வந்து "தணிகாசலம் யாரு? தணிகாசலம் இன்னும் வரலையா?" என்று கூவியபோதுதான் எழுந்து கையைத் தூக்கினேன். உரக்கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வையை எழுத விரும்பவில்லை.

மற்ற கம்பெனிகளுக்கு ஆலோசனை சொல்லும் நிறுவனம் இது. ஓய்வுபெற்றவர்களை வேலைக்கு எடுக்கும் ஒரு புதுத் திட்டத்தில் என்னை எடுத்தார்கள். முப்பது வருடத்துக்கு மேல் அரசுக் கல்லூரியில் புள்ளியியல் கற்பித்தேன். அதைத் தொழில் அனுபவம் என்று ஏற்க அவர்களுடைய கணினிக்கு மனம் வரவில்லை. 'அனுபவம்: இல்லை' என்றே காட்டியதாம். ஆகவே அனலிஸ்ட். இதற்குக் கீழே பதவி கிடையாது. என்னோடு சேர்ந்த மற்ற எல்லோரும் இந்தக் கோடையில்தான் கல்லூரியை முடித்தவர்கள். மூன்று மாதம் தகுதிகாண் பருவம். லாயக்கில்லை என்று தோன்றினால் அனுப்பிவிடுவார்கள்.

இதை என் மனைவி புனிதவதியிடம் சொன்னேன். "அனுப்பிட்டாங்கன்னா நேரா வீட்டுக்கு வந்துடாதீங்க. வேற எங்கனா சேந்துட்டு வாங்க" என்றாள். அவளுக்கு என்மேல் இன்னும் கோபம். ஓய்வுபெற்ற பின் சமையலறை டப்பாக்களைப் பயன்பாட்டு வரிசைப்படி மாற்றி அடுக்கினேன். பெருங்காயத்தைக் கண்டுபிடிக்க அவளுக்கு இரண்டு நாள் ஆயிற்று. நல்ல எண்ணத்தில்தான் செய்தேன்.

ஜூலை 4, வியாழன்

பயிற்சி. நாள் முழுக்க ஸ்லைடு செய்யக் கற்றோம். ஒரு ஸ்லைடில் ஒரு சேதிதான் இருக்க வேண்டும். அந்தச் சேதியே தலைப்பாகவும் இருக்க வேண்டும். நான் செய்த முதல் ஸ்லைடின் தலைப்பு: 'சில வரம்புகளுக்கு உட்பட்டு, விற்பனை குறைந்திருக்கலாம் என்று கருத ஓரளவு இடமுண்டு.' பயிற்சியாளர் அதைத் திரையில் போட்டு வகுப்புக்குக் காட்டினார். எதற்கு உதாரணமாக என்று அவர் சொல்லவில்லை. வகுப்பு சிரித்தது.

ஜூலை 9, செவ்வாய்

ஒரு பணியில் போட்டுவிட்டார்கள். கோயம்புத்தூரில் வெட் கிரைண்டர் தயாரிக்கும் கம்பெனி. எங்கள் மேலாளர் மதுவந்தி என்ற பெண், முப்பது வயதிருக்கும். அவருக்கும் மேலே இருப்பவர் பார்ட்னர். அவர் மும்பையில் இருக்கிறார், தொலைபேசியில் மட்டும் வருவார்.

இங்கே யாரும் யாரையும் சார், மேடம் என்று கூப்பிடக் கூடாது. பெயர்தான். மதுவந்தி முயன்று பார்த்தார். "தணிகா... தணி..." என்று ஆரம்பித்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். "எங்கப்பாவுக்கும் உங்க வயசுதான் சார். வேணாம், விட்டுடுங்க" என்றார். எனக்கும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வாய் வரவில்லை. தேவைப்பட்டால் அவர் எதிரில் போய் நின்று இருமுவதென்று முடிவு செய்திருக்கிறேன்.

முதல் விதியை அவரே சொன்னார்: "கிளையன்ட் முன்னாடி அனலிஸ்ட் வாயே திறக்கக் கூடாது சார். என்ன தோணினாலும் குறிச்சு வச்சுக்கோங்க. வெளிய வந்து எங்கிட்ட சொல்லுங்க."

இத்தனை வருடத்தில் எந்த மேலதிகாரியும் எனக்கு இவ்வளவு ஆறுதலான கட்டளை தந்ததில்லை.

ஜூலை 12, வெள்ளி

கோவை. முதல் கூட்டம். ஒரு சங்கடம் நேர்ந்துவிட்டது.

கம்பெனியை நிறுவியவர் நாச்சிமுத்து. எழுபதைத் தாண்டியவர். வெள்ளைச் சட்டை, வேட்டி, நெற்றியில் திருநீறு. இப்போது நிர்வாகம் முழுதும் மகன் பிரனேஷ் கையில். எங்களை அழைத்ததும் மகன்தான். நாங்கள் உள்ளே போனதும் மதுவந்தி கையை நீட்டினார். நாச்சிமுத்து அந்தக் கையைத் தாண்டி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"வாங்கய்யா வாங்க! மெட்ராஸ்ல இருந்து பெரியவரே நேர்ல வந்துட்டீங்க. உக்காருங்க. அம்மிணி, அய்யாவுக்கு அந்தப் பெரிய நாற்காலியப் போடு."

அம்மிணி என்று அவர் சொன்னது என் மேலாளரை. மதுவந்தி நாற்காலியை இழுத்துப் போட்டார். 'இல்லை ஐயா, நான்தான் இதில் கடைசி' என்று சொல்ல வாயெடுத்தேன். விதி ஞாபகம் வந்தது. உட்கார்ந்தேன்.

ஒன்றரை மணி நேரம் நாச்சிமுத்து எல்லாவற்றையும் என்னைப் பார்த்தே சொன்னார். மதுவந்தி பதில் சொன்னால், சரிதானா என்று என்னைப் பார்த்தார். நான் வாய் திறக்கவில்லை. "ஆழமான மனுசன்" என்று அவர் மகனிடம் சொன்னது காதில் விழுந்தது.

ஜூலை 15, திங்கள்

மதுவந்தி கோபப்படுவார் என்று பயந்துகொண்டு போனேன். சந்தோஷமாக இருந்தார்.

"சார், அவர் உங்களை பார்ட்னர்னு நினைச்சுட்டார். நினைக்கட்டும். நாம பொய் ஏதும் சொல்லலையே? நீங்க எல்லா மீட்டிங்குக்கும் வாங்க. நான் பேனாவை மேஜையில ரெண்டு தட்டு தட்டுவேன். நீங்க மெதுவா, கனமா, தலையாட்டுங்க. அவ்ளோதான்."

இது முறையா என்று கேட்க நினைத்து இருமினேன். அவர் மாத்திரை கொடுத்தார்.

ஜூலை 21, ஞாயிறு

கண்ணாடி முன் நின்று தலையாட்டப் பழகினேன். சீக்கிரம் ஆட்டினால் பயந்தவன்போல் இருக்கிறது. மெதுவாக ஆட்டினால் தூங்குபவன்போல் இருக்கிறது. நடுவில் ஒரு வேகம் இருக்க வேண்டும். தேடிக்கொண்டிருந்தபோது புனிதவதி பின்னால் வந்து நின்றாள்.

"என்னா, கழுத்து புடிச்சிக்கிச்சா?"

"ஆபீஸ் வேலை."

"தலையாட்டறதா வேலை?"

"ஆமாம்."

"இந்த வேலைய வீட்ல ஒரு நாளாவது செஞ்சிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

இரண்டாவது கூட்டம். மூன்று முறை தட்டினார், மூன்று முறை ஆட்டினேன். மூன்று தீர்மானங்கள் நிறைவேறின. பார்ட்னர் தொலைபேசியில் மதுவந்தியைப் பாராட்டினார். என்னையும் பாராட்டியதாகச் சொன்னார்கள். என் பெயரைத் தணிகைவேல் என்று சொன்னாராம்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

இப்போது பெரிய பிரச்சினைக்கு வந்திருக்கிறோம். அதன் பெயர் முதல் மாவு.

நாச்சிமுத்து கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து இருக்கும் வழக்கம் இது. கோவையைச் சுற்றி யார் அவர்களுடைய கிரைண்டர் வாங்கினாலும், கம்பெனி ஆள் ஒருவர் ஜீப்பில் அந்த வீட்டுக்குப் போவார். ஊற வைத்த உளுந்தைக் கையோடு கொண்டுபோய், புதுக் கிரைண்டரில் அவரே முதல் மாவை ஆட்டிக் கொடுப்பார். அந்த மாவில் அங்கேயே வடை சுடுவார்கள். முதல் வடை சாமிக்கு. அடுத்தது கம்பெனி ஆளுக்கு. அதற்குப் பிறகுதான் வீட்டார் சாப்பிடுவார்கள்.

இதை நிறுத்திவிட்டு, பயன்படுத்தும் முறையை ஒரு வீடியோவாக அனுப்பலாம் என்பது பிரனேஷின் யோசனை. அதையே எங்கள் பரிந்துரையாக வைத்திருக்கிறோம். செலவை வட்டப்படமாகப் போடும் வேலை என்னுடையது. பெட்ரோல், சம்பளம், உளுந்து, இதர வகை. நன்றாக வந்திருக்கிறது. உளுந்துக்கு வெளிர் சாம்பல் நிறம் கொடுத்திருக்கிறேன்.

செப்டம்பர் 4, புதன்

நாளை கூட்டம். பெட்ரோல் செலவின் சதவீதத்தை உயர்த்திப் போடச் சொல்லி மதுவந்தியிடமிருந்து புது எண் வந்தது. மாற்றிவிட்டேன்.

செப்டம்பர் 5, வியாழன்

கோவை ரயில் நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வட்டப்படம் திரையில் வந்தது. மதுவந்தி, "ஆகவே, முதல் மாவை நிறுத்துவதுதான் சரி" என்று முடித்துவிட்டுப் பேனாவை இரண்டு தட்டுத் தட்டினார். நான் தலையை ஆட்டத் தயாரானேன். அப்போது, பழக்கதோஷம், படத்திலிருந்த எண்களை மனத்துக்குள் கூட்டினேன்.

நூற்று மூன்று வந்தது.

பெட்ரோலை மாற்றினேனே தவிர மற்றவற்றைக் குறைக்கவில்லை. வாழ்நாளெல்லாம் சதவீதம் சொல்லிக்கொடுத்தவன் போட்ட வட்டத்தில் நூற்று மூன்று! முதலாண்டு மாணவன் செய்தால் தாளைக் கிழித்திருப்பேன். ஐயோ, கூடாது, கூடாது என்று என் தலை தானாகவே இடமும் வலமும் ஆடிவிட்டது. கண்ணையும் மூடிக்கொண்டேனாம், பிறகு சொன்னார்கள்.

"நிறுத்தும்மிணி" என்றார் நாச்சிமுத்து. "டேய் பிரனேஷு, அய்யாவப் பாரு. பெரியவரே வேண்டாங்கறார்."

"சார்?" என்று பிரனேஷ் என்னைப் பார்த்தான். "உங்க டீம்தானே சார் இதை ரெகமண்ட் பண்ணுச்சு?"

நான் மதுவந்தியைப் பார்த்தேன். வாய் திறக்க அனுமதி கிடைக்குமா என்று பார்த்தேன். அவர் முகத்தில் அப்படி எதுவும் எழுதியிருக்கவில்லை.

"எவ்வளவு வேதனப்பட்டுத் தலையாட்டறார் பாரு" என்றார் நாச்சிமுத்து. "இதுக்கு மேல அவர் என்ன சொல்லோணும்?"

முடிவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்துவிட்டார்கள்.

செப்டம்பர் 6, வெள்ளி

"சார், நான் பேனாவைத் தட்டினேனா இல்லையா?"

"தட்டினீங்க."

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"அப்புறம்?"

"நூத்தி மூணு" என்றேன்.

மதுவந்தி எண்களைக் கூட்டிப் பார்த்தார். நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "நான் பார்ட்னர்கிட்ட என்னன்னு சொல்றது? நம்ம அனலிஸ்ட் கூட்டல் போட்டுட்டு இருந்தார், அதனால பரிந்துரையைத் தள்ளி வச்சுட்டாங்கன்னா?" பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பத்தொன்பதாம் தேதி கடைசி மீட்டிங். படத்தைத் திருத்திடுங்க. ஒரே ஒரு தடவை மேலயும் கீழயும் ஆட்டுங்க. அது நடக்கலைன்னா, மாசக் கடைசியில உங்களைக் காப்பாத்த என்னால முடியாது சார்."

வீட்டுக்கு வந்ததும் புனிதவதி முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். "என்னா, அனுப்பிட்டாங்களா?" இன்னும் இல்லை என்றேன். இரவுச் சாப்பாட்டில் அப்பளம் அதிகமாக வைத்தாள். இது எதற்கென்று புரியவில்லை.

செப்டம்பர் 12, வியாழன்

செலவுக் கணக்கைச் சரிபார்த்து வர என்னைத் தனியாகக் கோவைக்கு அனுப்பினார்கள். முதல் மாவுக்குப் போகும் ஜீப்பில் நானும் போவதாக ஏற்பாடு. ஜீப்பை ஓட்டியது நாச்சிமுத்து.

"நீங்களேவா போவீங்க?" என்று கேட்டேன்.

"ஆளு லீவுங்க" என்றார். எத்தனை நாளாக லீவு என்று கேட்டேன். "அது ஆச்சுங்க, ரெண்டு வருசம்."

கிணத்துக்கடவு தாண்டி ஒரு வீடு. ஜீப் சத்தம் கேட்டதும் வீட்டார் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். நாச்சிமுத்து சட்டைக்கையை மடித்துக்கொண்டு உளுந்தைப் போட்டு, தண்ணீரைத் தெளித்துத் தெளித்து ஆட்டினார். ஆட்டும்போது அவர் வேறு ஆள்போல இருந்தார். மாவை ஓர் உருண்டை எடுத்துக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டார்; மிதந்தது. குழந்தைகள் கைதட்டின. பிறகு வடை வந்தது. ஒன்று முடிய முடிய அந்த அம்மா அடுத்ததை வைத்தார். நாச்சிமுத்து எதையும் மறுக்கவில்லை. மறுப்பது மரியாதை இல்லை என்று எனக்கும் விளக்கினார்.

திரும்பும்போது ஜீப்பில் உண்மையைச் சொல்லிவிட்டேன். மூன்று முறை தொண்டையைச் செருமிய பிறகு. "ஐயா, நான் பெரியவன் இல்லை. எங்க டீம்ல நான்தான் கடைசி. படம் போடறது என் வேலை. அன்னைக்குத் தலையாட்டினது கூட்டல் தப்பா இருந்ததால."

"தெரியுமுங்க" என்றார்.

"எது தெரியும்?"

"நீங்க கடைசி ஆளுன்னு. மொத நாளே தெரியும். மத்தியானம் சாப்பிட உக்காந்தோமே, எல்லாரும் எந்திரிச்சு, அந்த அம்மிணி கை கழுவுன பொறவுதானுங்க நீங்க எலையவே மூடுனீங்க. மொதலாளி எவனாச்சும் அப்படி உக்காந்திருப்பானுங்களா?"

"அப்புறம் எதுக்கு என்னைப் பெரிய நாற்காலியில..."

"நான் வேண்டாம்னு சொன்னா, கெழவன் பொலம்பறான்னு போயிருவான் என் பையன். காசு குடுத்துக் கூட்டியாந்த ஆளு வேண்டாம்னா அதுக்குப் பேரு ஸ்ட்ராட்டஜிங்க. எனக்கு ஒரு நரச்ச தலை வேணுமுங்க. அது கொஞ்சம் ஆடவும் வேணும். அவ்வளவுதான்." கியரை மாற்றினார். "பத்தொன்பதாந்தேதி இன்னொருக்கா இப்படியும் அப்படியும் ஆட்டிப்போடுங்க. உங்க வேலைக்கு நான் சொல்றேன்."

கோவைக்குள் நுழையும்முன் ஒரு கடையில் நிறுத்தி, வாய் கொப்பளித்து, ஏலக்காய் வாங்கி மென்றார். "வீட்ல இதையெல்லாம் நான் சொல்லிக்கறதில்லீங்க" என்றார். செய்வதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளாத மனிதர் என்று தெரிந்து எனக்கு மதிப்பு கூடியது.

செப்டம்பர் 18, புதன்

மேலும் கீழும் ஆட்டினால் அவருக்குத் துரோகம். இடமும் வலமும் ஆட்டினால் மதுவந்திக்குத் துரோகம். ஆட்டாமல் இருந்தால் எனக்கு. படத்தைத் திருத்தியாயிற்று; நூறு வருகிறது. முதல் மாவில் நஷ்டம்தான், அதில் சந்தேகமில்லை.

தூக்கம் வரவில்லை. புனிதவதியை எழுப்பிக் கேட்கலாம் என்று பார்த்தேன். தைரியம் வரவில்லை.

செப்டம்பர் 19, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மதுவந்தி பேனாவைத் தட்டினார். நாச்சிமுத்து மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார். என் தலை இரண்டு பக்கமும் போகாமல் நடுவில் நின்றது. பிறகு நான் எழுந்துவிட்டேன். ஏன் எழுந்தேன் என்று தெரியாது. எழுந்த பிறகு பேசாமல் நிற்பது அதைவிட மோசமாக இருந்தது.

"மன்னிக்கணும். நான் இந்த டீம்ல அனலிஸ்ட். எனக்குக் கீழ யாரும் கிடையாது. போன தடவை நான் தலையாட்டினது, என் படத்துல கூட்டுத்தொகை நூத்தி மூணு வந்ததால. இப்ப திருத்திட்டேன். ஆனா முடிவு மாறலை. முதல் மாவுல நஷ்டம்தான்."

மதுவந்தி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நாச்சிமுத்துவின் முகம் அப்படியே தொங்கிப்போனது. அதைப் பார்க்க முடியவில்லை.

பிரனேஷ்தான் முதலில் பேசினான். மரியாதையான பையன். "சரிங்க சார். நம்பர் அதைத்தான் சொல்லுது. நீங்க நேர்ல போய்ப் பாத்தீங்களே, உங்களுக்கு என்ன தோணுச்சு?"

அனலிஸ்டை யாரும் இந்தக் கேள்வி கேட்பதில்லை. அதனால் பதில் தயாராக இல்லை, வந்ததைச் சொன்னேன். "ஜீப் சத்தம் கேட்டதுமே எல்லாரும் வாசலுக்கு வந்துட்டாங்க. உங்கப்பா சாப்பிடற வரைக்கும் ஒருத்தரும் வாயில வைக்கலை. நான் ரிட்டயர் ஆன பிறகு என்னை அப்படி யாரும் எதிர்பார்த்து நிக்கலை. வீட்ல நான் வெளிய போறதைத்தான் எதிர்பார்க்கறாங்க. இதைப் படத்துல எந்த இடத்துல போடறதுன்னு தெரியலை, விட்டுட்டேன். அது என் குறைதான். உங்கப்பா அஞ்சாவது வடை சாப்பிடும்போது அந்த வீட்டம்மா முகத்துல..."

"யாரு?" என்றான் பிரனேஷ்.

"உங்கப்பா."

"அஞ்சாவது *என்னது*?"

நாச்சிமுத்து கூரையைப் பார்த்தார்.

"என்னங்கப்பா இது? ஆளுதானே போறான்னு சொன்னீங்க? கோயிலுக்குப் போறேன்னுட்டு ஜீப் எடுத்துட்டுப் போறது இதுக்குத்தானா? டாக்டர் எண்ணெயே கண்ணுல காட்டக்கூடாதுன்னு... அம்மா ரெண்டு வருசமா உங்களுக்குத் தனியா ராகிக் களி கிண்டிட்டிருக்காங்க, கொலஸ்ட்ரால் ஏன் எறங்கலைன்னு நாங்க மூணு டாக்டர மாத்திட்டோம்!"

"வடையில பாதி ஓட்டதானப்பா" என்றார் நாச்சிமுத்து.

மதுவந்தி திடீரென்று மேஜைக்கடியில் எதையோ தேடக் குனிந்தார். முதுகு குலுங்கியது. பிரனேஷ் அவரைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான். அவனுக்கும் தாங்கவில்லை. அப்பாவும் மகனும் சிரிக்கும்போது ஒரே மாதிரி இருக்கிறார்கள். நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன். உட்காரலாமா என்று யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

கடைசியில் பிரனேஷ் சொன்னான்: "சரி, நிறுத்தல. போய்ட்டு வாங்க. நஷ்டம்னு தெரிஞ்சே போறோம். ஆனா ஒரு வீட்டுக்கு ஒரு வடைதான். கூட ஒரு ஆளு வந்து பாத்துட்டு எங்கிட்ட சொல்லணும். நம்ம ஆளுங்க எவனும் வேண்டாம், உங்களுக்குப் பயந்து பொய் சொல்லுவான்." என் பக்கம் திரும்பினான். "இவர் வரட்டும். தன் கூட்டலே தப்புன்னு எந்திரிச்சுச் சொன்னவர், வடையக் கொறச்சுச் சொல்ல மாட்டார்."

ரயிலில் மதுவந்தி, காட்பாடி வந்ததும், "ரெண்டாம் கட்டப் பணின்னு எழுதணும் சார். இதுக்கு ஸ்லைடுல என்ன தலைப்பு போடறது?" என்று கேட்டார். யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன்.

செப்டம்பர் 26, வியாழன்

முதல் கண்காணிப்பு. சூலூர் பக்கம். நாச்சிமுத்து ஜீப்பில் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "காட்டிக்குடுத்துப்போட்டீங்க" என்று மட்டும் சொன்னார். அந்த வீட்டில் மாவு ஆட்டி முடித்ததும் வீட்டம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ பேசினார். வடை வந்தது. ஒன்றுதான். தட்டு முழுவதும் இருந்தது.

"ஒண்ணுன்னுதானுங்க சொன்னான்" என்றார். "எந்த அளவுன்னு சொல்லல."

உண்மைதான். ஒன்று என்றே எழுதிக்கொண்டேன். அடிக்குறிப்பில் விட்டத்தையும் எழுதினேன்.

செப்டம்பர் 30, திங்கள்

மதுவந்தி என்னைச் சிறிய அறைக்குக் கூப்பிட்டு மதிப்பீட்டுத் தாளைக் கொடுத்தார். நின்றுகொண்டே படித்தேன். வேலை உறுதி செய்யப்பட்டிருக்கிறது. இரண்டு முறை படித்தேன், அப்படித்தான் இருக்கிறது. கீழே, திருத்திக்கொள்ள வேண்டிய குறைகள் என்ற தலைப்பில் ஒரே ஒரு வரி: கிளையன்ட் கூட்டங்களில் அதிகம் பேசுகிறார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து புனிதவதியிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தாள். கடைசி வரிக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தாள்.

"யாரு, நீங்களா?"

ஆமாம் என்றேன். இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லியிருக்கலாம்.